மேகத்துக்குள் பந்து – 19: 43 வளைவு, 43 புள்ளி

போன வாரம் கல்லூரி அணிகளில் விட்டோம். ஊட்டி அரசு கலைக் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகம், தென் மண்டலத்திலிருந்து நாலே நாலு அணிகளுக்கு அகில இந்தியச் சுற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். "நம்ம பசங்க உள்ளே போவாங்களா?" என்ற கேள்விக்கு இந்த வாரம் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால், கெத்தை சாலையில் யானை நிற்பதுபோல வேறொரு கணக்கு குறுக்கே வந்து நின்றுவிட்டது. அது நகர்ந்தால்தான் வண்டி போகும்.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 43. 2018-19 ஐ-லீகில் சென்னை சிட்டி அணி எடுத்து முடித்த புள்ளிகள் 43. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, தெரியும். ஆனாலும் இந்த வாரம் முழுக்க இதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவிட்டேன். டீக்கடையில் ஒருவர்தான் சரியாகக் கேட்டார்: "வளைவுல ஒண்ணு குறைஞ்சா பள்ளம். புள்ளியில ஒண்ணு குறைஞ்சிருந்தா?"

குறைந்திருந்தாலும் கோப்பை நமக்குத்தான். இதை விளக்க 2019 மார்ச் 9-க்குப் போக வேண்டும்.

பெயர்தான் சென்னை சிட்டி. ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். ஆகவே குந்தாக்காரர்களுக்கு அது பக்கத்து வீட்டு அணி. வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஆட்டம் பார்க்கலாம். திரும்புவதுதான் சிக்கல். சாயங்காலம் ஐந்து மணி ஆட்டம் முடிந்து மலையேற முடியாது. இருட்டினால் அந்தச் சாலை யானைகளுடையது. கோவையில் உறவுக்காரர் வீடு இருந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் மஞ்சூர் பஜாரில், டவர் கிடைக்கும் ஒரே மூலையில், இரண்டு போன்களைச் சுற்றி நின்றோம். ஒன்றில் கோவை, இன்னொன்றில் கோழிக்கோடு.

கோழிக்கோடு எதற்கு? கடைசி நாள் காலையில் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. இங்கே போன ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாபுடன் நமக்கு ஆட்டம்; அதே நேரத்தில் அங்கே கோகுலம் கேரளாவுடன் அவர்களுக்கு. முந்தைய இரவு முழுக்க வாக்குவாதம். தேயிலைத் தொழிற்சாலையில் கொடுத்த இலைச் சீட்டின் பின்பக்கம் ஒரு கல்லூரிப் பையன் ஒன்பது கட்டம் போட்டான். நமக்கு வெற்றி, டிரா, தோல்வி. அவர்களுக்கும் அதே மூன்று. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், குந்தா மின் நிலையத்தில் சுவிட்ச் போட்ட அதே நிதானத்துடன் ஒவ்வொரு கட்டமாக டிக் அடித்தார்.

ஒன்பதில் ஏழு கட்டம் நமக்கு. நாம் தோற்று அவர்கள் டிரா செய்தால் இருவருக்கும் 40. "கோல் கணக்கு பாக்கணும் அண்ணா" என்றான் பையன். "தேவையில்ல தம்பி, நேருக்கு நேர் யாரு ஜெயிச்சாங்கன்னுதான் பாப்பாங்க" என்றார் பெரியவர். அந்தப் பருவத்தில் ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலும் கோவையிலும் சென்னை சிட்டி வென்றிருந்தது. நாம் ஜெயிக்காமல், அவர்கள் மட்டும் ஜெயிக்க வேண்டும்: மீதி இரண்டு கட்டமும் அதுதான். ஏழு கட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. விடிய விடிய அந்த இரண்டிலேயே குடியிருந்தோம்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம் மினர்வா கோல் போட்டது. பஜார் செத்துப்போனது. ஒருவர் வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், சாப்பிடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. இடைவேளை வரை 0-1. அப்புறம் 56-வது நிமிடத்தில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த மனிதர். 69-ல் கௌரவ் போரா. ஏறக்குறைய அதே நிமிடத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கோல். இரண்டு போனும் ஒன்றாக அலறின.

என்னை இந்த வாரம் தூங்கவிடாதது இதுதான். அந்த 53 நிமிடம் நாம் பின்தங்கியிருந்தபோது கோழிக்கோட்டில் 0-0. அப்படியென்றால் 40, 40. நேருக்கு நேர் கணக்கில் நாம்தான் முதலிடம். தோற்றுக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க நாம் சாம்பியன்! சீட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது பெரியவரின் கம்பளிச் சட்டைப் பைக்குள் இருந்தது.

உண்மையான ஆபத்து பிறகுதான் வந்தது. ஈஸ்ட் பெங்கால் 79-ல் ஒன்று, 85-ல் ஒன்று போட்டு 2-1 என்று முந்தியது. அந்த நொடி முதல் கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் திருப்பியிருந்தால் நமக்கு 41, அவர்களுக்கு 42. 2003-04-க்குப் பிறகு தேசிய லீகைத் தொடாத கொல்கத்தா அணிக்குக் கோப்பை. போரா கூடுதல் நேரத்தில் தன் இரண்டாவது கோலைப் போட்டு 3-1 ஆக்கும்வரை அதே நிலைமை. அந்த எட்டு நிமிடம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? கோழிக்கோட்டு போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. டீ சொல்லிவிட்டு, எவன் பட்டாசு வாங்கப் போவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

பட்டாசு என்றதும் 2015 நினைவுக்கு வருகிறது. சென்னையின் எஃப்.சி. அந்த ஆண்டு ஐ.எஸ்.எல். பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்தது. பயிற்சியாளர் மட்டராஸி; 2006 உலகக் கோப்பை இறுதியில் ஸிடேன் தலையால் முட்டிய அதே நெஞ்சுக்காரர். 'ப்ளே-ஆஃபா? போங்கண்ணா' என்று பஜாரே சிரித்தது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று உள்ளே போனார்கள். டிசம்பர் வெள்ளத்தில் ஊர் மூழ்கியதால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். கோவாவில் இறுதி ஆட்டம், 87-வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கி, முடியும்போது 3-2. அப்போதும் இதே பையன்தான், பள்ளிச் சீருடையில், 'நாலும் ஜெயிச்சா 22 புள்ளி, போதும்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று அவனை யாரும் மதிக்கவில்லை.

அவன் இப்போது கேட்பது தன் பழைய கல்லூரி அணியைப் பற்றி. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், பக்கம் மூட வேண்டுமாம். கல்லூரி அடுத்த வாரம். பெரியவரிடம் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். முன்பக்கம் இலை எடை அழிந்துபோய்விட்டது, பின்பக்கம் ஒன்பது கட்டமும் அப்படியே இருக்கின்றன.