கணினியிடம் யார் உண்மை சொல்வது?

ஆலைக்குள் கொண்டுவந்த தகவல் அமைப்பு ஓடாமல் படுத்துவிட்டால், மேலாண்மையியலார் கைகாட்டுவது தொழிலாளியின் ‘பண்பாட்டை’. இதற்கு ஹாஃப்ஸ்டெட் துணைக்கு வருவார். 1967–73இல் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த ஆய்வை வைத்து 1980இல் அவர் நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார்: அதிகார இடைவெளியில் அமெரிக்கா 40, இந்தியா 77. மேலதிகாரியின் முகம் பார்த்து வாழ்கிறவர்கள் திரையில் உண்மையைப் பதியமாட்டார்கள் என்று இதை நீட்டிக்கொள்கிறார்கள்.

ஓசூரில் இந்த வாதம் இடறுகிறது. அங்கே ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. அந்தத் தரமுறையில் அட்டையோ கணினியோ, பழுதைப் பார்த்தவரே பதிய வேண்டும். 77 மதிப்பெண் மண்ணில்தான் இது நடந்தது. டெமிங் சொன்ன 14 அம்சங்களில் அச்சத்தை அகற்றுவதும் ஒன்று.

அச்சம் எங்கிருந்து வருகிறது? பழுதைப் பதிந்த நிரந்தரத் தொழிலாளியை சூப்பர்வைசர் முறைப்பார், அவ்வளவுதான். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கோ நாளைக்கு கேட் திறக்காது. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ‘சரி’யை அழுத்திவிடுவார். இது பண்பாடா, வேலை நிபந்தனையா?

சாதியும் மொழியும் இதில் இல்லாமலில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது புழங்கும் எல்லை ஊர் இது. இப்போது வடக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சூப்பர்வைசரின் பேச்சு தெரிந்தவர் தவறை வாயாலேயே சமாளிப்பார். தெரியாதவருக்குத் திரையில் பதிந்தது மட்டுமே சாட்சி, அவருக்கே எதிரான சாட்சி.

ஆகவே, ‘இவர்கள் ஏன் கணினியை ஏற்கவில்லை?’ என்ற கேள்வியை ஓரமாக வைப்போம். உண்மையைப் பதிந்தவருக்கு மறுநாள் என்ன நடந்தது? அதைக் கேட்போம்.