கொசத்தலையின் வாய்



காவிரி என்றால் கவிஞர்கள் பாடுவர்; வைகை என்றால் புலவர்கள் எழுந்து நிற்பர். கொசத்தலையாறு என்றால்? "அது எந்த ஊரில் இருக்கிறது?" என்று சென்னைவாசியே கேட்பார்! அவர் வீட்டுக் குடத்திலே அந்த ஆற்றின் நீரும் கலந்திருக்கிறது என்பதை அறியாமலேயே கேட்பார்!

நீளம் ஏறத்தாழ 136 கிலோமீட்டர். ஏட்டிலே சிலர் 'குசஸ்தலை' என்று வடமொழி வண்ணம் பூசுவர், அது கிடக்கட்டும். கேசவரம் அணைக்கட்டிலே பிரியும் ஒரு கிளை கூவமாகிறது. மற்றது, நகரியாறும் வந்து சேர, பூண்டியை அடைகிறது. 1944-ல் அங்கே நீர்த்தேக்கம் எழுந்தது. தலைநகரின் தாகம் தணிந்தது, நன்று! ஆனால் தாமரைப்பாக்கத்திலும் மறித்துச் சோழவரத்துக்குத் திருப்பிய பிறகு, மழைக்காலம் தவிர்த்த நாட்களில் எண்ணூருக்கு வந்து சேரும் நன்னீர் எவ்வளவு? சொற்பம்!

இங்கேதான் சிக்கல். ஆற்று வெள்ளம் மணலைத் தள்ளும். கடல் அலை மணலைக் கொணர்ந்து கொட்டும். இந்த மல்லுக்கட்டிலே ஆறு இளைத்தால், முகத்துவாரம் அடைபடும். அடைபட்டால் கடல்நீர் உள்ளே ஏறி இறங்காது. இறாலும் நண்டும் மடவையும் வளரும் கழி, குட்டையாகும். மேலே மீஞ்சூர்ப் பக்கமோ நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால், 1960-களின் இறுதியிலேயே கிணறுகளிலே உப்பு ஏறத் தொடங்கிவிட்டது. ஆற்றின் வாயிலே கடல் நுழையவில்லை, அடிவயிற்றிலே நுழைந்துவிட்டது!

அதோடு விட்டார்களா? 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. மின்சாரம் வேண்டாமென்று எவர் சொன்னார்? ஆனால், கொதித்த நீர் கழியிலே. குழாய் உடைந்து கசிந்த சாம்பலும் கழியிலே! சேற்றிலே கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் விரலிலே சிக்குவது சாம்பல் என்றால், அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கிற்று. பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்குள் புகுந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, அலையாத்தி மரங்களின் வேரும் கறுத்தது. அந்த எண்ணெயைக் கையால் அள்ளி எடுத்தவர்கள் யார்? ஆலை முதலாளிகளா? மீனவத் தோழர்கள்!

நாம் கேட்பது பிச்சையல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே முகத்துவாரத்தைத் தூர்வாருக! கழியிலே படிந்த சாம்பலை அகற்றுக! ஆலைக் கழிவு எந்த மதகு வழியே, எந்த நாளில் வெளியேறுகிறது என்பதை மீனவக் குப்பங்களுக்கு அறிவித்திடுக!

மழை வருமுன் பதில் வரட்டும்.