டொனேஷன் கட்டியது அப்பா, குற்றவாளி யார்? – ஸ்டெஃபான் குட்னர் என்ற சட்ட அறிஞர்

இன்னைக்கு ஒரு பழைய கேஸோட ஆரம்பிக்கிறேன்.

ஒரு அப்பா தன் மகனை ஒரு பணக்காரத் துறவு மடத்தில் சேர்க்கப் போகிறார். மடத்தில் பத்து பவுண்ட் கேட்கிறார்கள், அப்பா கட்டிவிடுகிறார். பையன் ரொம்பச் சின்னவன், அவனுக்கு எதுவும் தெரியாது. வளர்ந்து துறவியாகிறான், பாதிரியாராகிறான், கடைசியில் ஆயராகவும் ஆகிறான். ஆயர் பதவிக்கும் அப்பா பணம் கொடுத்திருக்கிறார், அதுவும் அவனுக்குத் தெரியாது. திருச்சபையில் புனிதப் பதவியைக் காசுக்கு வாங்குவது பெரிய குற்றம். அப்பா வாங்கினார், சரி. ஒண்ணுமே தெரியாத பையன் குற்றவாளியா? அந்தப் பதவியில் அவன் இருக்கலாமா?

டொனேஷன் சீட்டில் படித்தவர்கள் சிலர் இப்போ நெளிவீங்க, தெரியும்.

இதை எழுதியவர் கிரேஷியன். சுமார் 1140-இல், இத்தாலியின் பொலோனியாவில் திருச்சபைச் சட்டம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அவருடைய ‘டெக்ரேட்டும்’ என்ற பெரிய நூலில் இந்த மாதிரி 36 கேஸ்கள் இருக்கு. நான் சொன்னது முதல் கேஸ்.

திருச்சபைச் சட்டத்துக்கு ‘கேனன் லா’ என்று பெயர். ஃபிரெண்டு ஒருத்தன்கிட்ட சொன்னேன், கேமரா கம்பெனியான்னு கேட்டான். இல்லடா. கிரேக்கத்தில் ‘கேனன்’ என்றால் அளவுகோல். மத்தியகால ஐரோப்பாவில் கல்யாணம் செல்லுமா, உயில் செல்லுமா, செய்த சத்தியம் கட்டுப்படுத்துமா என்பதெல்லாம் திருச்சபை நீதிமன்றங்களுக்குத்தான் போகும். பாதிரியார்களுக்கான ரூல் புக் என்று நினைச்சுட்டு விட்டுடாதீங்க.

நான் சட்டம் படிச்சவன். முதல் வருஷம் கிரிமினல் லா வகுப்பில் ‘மென்ஸ் ரியா’ என்று ஒரு சொல் வரும். செயல் மட்டும் குற்றமில்லை, குற்ற மனமும் வேணும் என்பது அதன் சாரம். இங்கிலாந்து நீதிபதிகள் கண்டுபிடிச்ச விஷயம் போலத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுக்குப் பின்னால் இவ்வளவு பழைய வாதம் இருக்கு என்று எனக்குக் காட்டியது ஸ்டெஃபான் குட்னர்.

குட்னர் 1907-இல் ஜெர்மனியின் பான் நகரத்தில் பிறந்தார். அப்பா சட்டப் பேராசிரியர். குடும்பத்தின் வேர் யூத வேர், ஆனால் இவரை வளர்த்தது லூத்தரன் கிறிஸ்தவராக. பெர்லினில் 1930-இல் சட்டத்தில் டாக்டர் பட்டம், அங்கேயே ஆராய்ச்சி. முப்பதுகளின் தொடக்கத்தில் அவரே விரும்பிக் கத்தோலிக்கரானார்.

1933 ஏப்ரல் 7. நாஜி அரசு ஒரு சட்டம் கொண்டுவருகிறது: ‘ஆரியர் அல்லாதவர்’ அரசுப் பணியில் இருக்கக் கூடாது. பல்கலைக்கழக வேலையும் அதில் அடக்கம். தாத்தா பாட்டியில் ஒருவர் யூதர் என்றாலே போதும். இங்கே கொஞ்சம் நில்லுங்க. ஒரு மனிதன் என்ன செய்தான், என்ன நினைத்தான் என்பது பற்றி அந்தச் சட்டத்துக்கு அக்கறையே இல்லை. யாருக்குப் பிறந்தான், அவ்வளவுதான். அப்போ குட்னருக்கு வயசு 26.

அந்த வருஷமே ரோமுக்குக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளில் வத்திக்கான் நூலகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. 1935-இல் முதல் பெரிய நூல் வந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? கிரேஷியன் தொடங்கி சுமார் நூறு வருஷம், திருச்சபைச் சட்ட ஆசிரியர்கள் ‘குற்றப் பொறுப்பு’ என்பதை எப்படி யோசித்தார்கள் என்பது. தெரியாமல் செய்தால்? மிரட்டலில் செய்தால்? போதையில்? கவனக்குறைவில்? பிறப்பை வைத்துக் குற்றம் சாட்டிய நாட்டை விட்டு வந்தவர் வெளியிட்ட முதல் பெரிய புத்தகம் இது. அவர் இதை நினைச்சுத்தான் செய்தார் என்று நான் சொல்ல வரலை. ஆனா எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியலை.

அந்த ஆசிரியர்கள் பிடித்து அலசிய கேஸ் ஒன்று. அண்ணன் தம்பி இரண்டு பேர் காட்டில் மரம் வெட்டுகிறார்கள். மரம் சாயுது. ஒருத்தர் ‘பாத்து!’ என்று கத்துகிறார். மற்றவர் ஓடுகிறார், ஆனாலும் மரம் அவர் மேலேயே விழுந்து செத்துப்போகிறார். உயிரோடு இருப்பவர் கொலைகாரரா? இல்லை என்பதுதான் பழைய விதி. இவங்க அதோட நிக்கலை. அவர் செய்த வேலை நியாயமான வேலையா? செய்ய வேண்டிய அளவு எச்சரிக்கையா இருந்தாரா? இந்த இரண்டு கேள்வியையும் இன்னைக்கு நீதிமன்றத்தில் ஒரு விபத்து வழக்கில் கேட்கலாம்.

சரி, டொனேஷன் பையனுக்கு என்ன ஆச்சு? கிரேஷியன் ஒரு பழைய முடிவை எடுத்து வைக்கிறார். 1095-இல் பியாசென்சாவில் கூடிய சபையில் போப் இரண்டாம் உர்பன் சொன்னது. பெற்றோரின் பேராசையால் சின்ன வயசில் இடம் பெற்றவர்கள், முதலில் அந்த இடத்தை முழுசா விட்டுவிடணும். அதுக்கப்புறம் ஒழுங்காக வாழத் தயாராக இருந்தால், கருணையின் பேரில் அங்கேயே இருக்கலாம். தகுதி இருந்தால் பட்டமும் போகாது. அதாவது நீ குற்றவாளி இல்ல, ஆனா சீட்டு உன்னுதும் இல்ல. சூப்பர்ல?

இனி குட்னரின் நிஜமான வேலைக்கு வருவோம். அது பார்க்க ரொம்ப போரான வேலை. லிஸ்ட் போடறது.

கிரேஷியன் நூலை வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்கள், குறிப்புகளைப் பக்க ஓரத்தில் எழுதுவார்கள். அச்சு இல்லாத காலம், எல்லாம் கையெழுத்துப் பிரதி. குறிப்பு யாருடையது என்பதற்கு முடிவில் ஓரிரு எழுத்து மட்டும் இருக்கும். ‘ஜோ’ என்று போட்டிருந்தால் எந்த ஜொஹானஸ்? அந்தக் காலத்தில் அந்தப் பெயரில் சட்ட ஆசிரியர்கள் மூணு நாலு பேர். நம்ம ஊர் வாக்காளர் பட்டியலில் ‘எஸ். குமார்’ தேடுவது மாதிரி. குட்னர் பிரதி பிரதியாகப் புரட்டி, எது எங்கே இருக்கு, யார் எழுதியது என்று பிரித்துப் பட்டியல் போட்டார். 1937-இல் ‘ரெபெர்டோரியம்’ என்று அது வெளியானது. அட்டையிலேயே ‘முன்னோட்டம், பாகம் 1’ என்று போட்டிருக்கும்.

பாகம் 2 வரவே இல்லை.

1938-இல் இத்தாலியிலும் இனச் சட்டங்கள் வந்தன. 1940-இல் மனைவி, குழந்தைகளோடு அமெரிக்கா. வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பெரும்பாலும் பாதிரியார்கள் இருந்த துறையில் இவர் கல்யாணமாகி ஒன்பது குழந்தைகளுக்கு அப்பா. 1955-இல் அங்கே மத்தியகாலத் திருச்சபைச் சட்டத்துக்கென ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1964-இல் யேல் போனார், நிறுவனமும் கூடவே போனது. 1970-இல் பெர்க்லி, திரும்பவும் பெட்டி கட்டல். மைக்ரோஃபிலிம் சுருள்கள் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு. நடுவில் வத்திக்கானும் அழைத்தது: 1983-இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் தயாரித்த குழுவில் இவருக்கும் பங்கு உண்டு.

இவ்வளவு ஓட்டமும் எதுக்கு? கிரேஷியன் நூலுக்கு நம்பகமான ஒரு பதிப்பு வேணும். எல்லாரும் பயன்படுத்துவது 1879-இல் ஃப்ரீட்பெர்க் என்பவர் போட்ட பதிப்பு. அவர் ஒப்பிட்டது எட்டே எட்டுப் பிரதிகள். ஐரோப்பா முழுக்க நூற்றுக்கணக்கில் கிடக்குது. சரியான பதிப்பு குட்னர் உயிரோடு இருக்கும்போது முடியலை. அவர் 1996 ஆகஸ்ட்டில் பெர்க்லியில் இறந்தார்.

அதே வருஷம் ஆண்டர்ஸ் வின்ரோத் என்ற இளம் ஸ்வீடன்காரர் நியூயார்க்கில் ஒரு ஆய்வேட்டை முடிக்கிறார். 2000-இல் அது புத்தகமானது. ‘இதெல்லாம் சுருக்கப் பிரதிகள்’ என்று முன்னாடி ஆட்கள் பார்த்து ஒதுக்கி வைத்த சில கையெழுத்துப் பிரதிகளை எடுத்து வைத்து, இது சுருக்கம் இல்லை, கிரேஷியன் நூலின் முதல் வடிவமே இதுதான், நாம படிச்சுட்டிருந்த நூல் பின்னால் சுமார் இரண்டு மடங்காக வளர்ந்த வடிவம் என்று காட்டினார். ஒரு பிரதியைப் பார்ப்பதும், அது என்னவென்று சரியாகப் பெயர் போடுவதும் வேற வேற வேலை போல.

இப்போ குட்னர் பெயரிலேயே இருக்கும் அந்த நிறுவனம் நடுவில் ம்யூனிக் போய்விட்டு மறுபடி யேலுக்கு வந்திருக்கு. மைக்ரோஃபிலிமும் அங்கேதான். யாராவது நியூ ஹேவன் பக்கம் படிக்கப் போறீங்கன்னா, உள்ளே எட்டிப் பாத்துட்டு வந்து எனக்கு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க.