நெடுங்குன்றம் முதலையும் குடியிருப்போர் குழுவும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, சென்னைப் புறநகரில் பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை சாவகாசமாகக் கடந்தது. காரில் போனவர்கள் எடுத்த வீடியோ சில மணி நேரத்தில் ஊரெங்கும் பரவியது. பக்கத்திலேயே வண்டலூர் உயிரியல் பூங்கா. பார்த்தவர்களுக்கு ‘ஜூவிலிருந்து தப்பிவிட்டதோ’ என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அப்போது வனத்துறைச் செயலாளராக இருந்த சுப்ரியா சாஹு எக்ஸ் தளத்தில் விளக்கம் சொன்னார். சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன. அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கும் கூச்ச சுபாவிகள். நீர்நிலை நிரம்பி வழிந்ததால் இது வெளியே வந்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். நெடுங்குன்றம் ஏரியில் முதலை உண்டு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழைய சேதி. அடுக்குமாடிகளில் புதிதாகக் குடிவந்தவர்களுக்குத்தான் அதிர்ச்சி.

இந்தப் புறநகரில் பழையவர்களும் புதியவர்களும் சந்திக்கும் திண்ணை இன்று வாட்ஸ்அப் குழுதான். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது படகும் பாலும் கேட்டு அலைந்த செய்திகள் உயிர்களைக் காத்தன. அதே வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும் ஓடியது. பண்ணை நிர்வாகம் மறுக்க வேண்டியிருந்தது.

உதவியும் புரளியும் ஒரே வழியில் வருவது ஏன்? ஃபார்வர்டு செய்தியில் அனுப்பியவர் பெயர்தான் தெரியும், முதலில் எழுதியவர் பெயர் தெரியாது. நமக்குத் தெரிந்த மாமா அனுப்பினார் என்பதே அதற்குச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. செய்திகள் பூட்டப்பட்டுப் பயணிப்பதால் நிறுவனத்தாலும் உள்ளே பார்த்துத் திருத்த முடியாது. அதனால் வேகத்தைத்தான் குறைத்தார்கள். 2018இல் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்பத் தடை வந்தது. 2020 ஏப்ரல் முதல், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம். எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறியும் காணாமல் போகும்!

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு முன்பே நாம் விலை கொடுத்துவிட்டோம். 2018 மே மாதம் சென்னையிலிருந்து போளூர் பக்கம் கோயிலுக்குப் போன மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக, வாட்ஸ்அப் புரளியை நம்பியவர்களால் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார்.

என்னைக் கேட்டால், முழுப்பொய்யைவிட ஆபத்தானது உண்மைப் படத்துக்குத் தவறான தேதியும் ஊரும் ஒட்டுவதுதான். போன வருட வெள்ளம் இந்த வருடமும் அப்படித்தான் வருகிறது. ஆகவே வீடியோ வந்தால் குழுவிலேயே கேளுங்கள்: எடுத்தது யார், எப்போது, எந்தத் தெரு? பதில் வராவிட்டால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். முதலையையே நேரில் பார்த்தால் விலகி நின்று வனத்துறைக்கோ 101க்கோ முதலில் சொல்லுங்கள். குழுவில் பிறகு போட்டுக்கொள்ளலாம்.