உள்ளே ஒன்றுமில்லாத மலை

கட்டட வடிவமைப்பு மென்பொருளில் ஒரு மலையை எழுப்புவது எளிது. சர்வே எடுத்த புள்ளிகளைக் கொடுத்தால் போதும், சரிவும் முகடும் திரையில் தோன்றிவிடும். அந்த மலைக்குள் ஒரு சாலையைக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சாலை மலையைத் தொடும் இடத்தில் பச்சைப் பரப்பு அதை விழுங்கிவிடும். பார்வைக் கோணத்தை மலைக்குள் நகர்த்தினால் அங்கே மண்ணும் இல்லை, பாறையும் இல்லை. வெற்றிடத்தில் சாலை மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

கணினியைப் பொறுத்தவரை மலை என்பது நாற்காலிகளின் மேல் விரித்த போர்வைதான். அருகருகே உள்ள புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்து அது ஒரு முக்கோண வலை பின்னுகிறது. அந்த வலைக்குத் தடிமன் கிடையாது. ஓர் இடத்துக்கு ஓர் உயரம் என்பதே அதன் விதி. சுரங்கப்பாதை இந்த விதிக்கு அடங்காது. முகட்டிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முதலில் மலையின் மேற்பரப்பு, அடுத்து சுரங்கத்தின் கூரை, அதற்கடுத்து அதன் தரை. ஒரே இடத்துக்கு மூன்று உயரங்கள்!

இப்படி ஒரு விதியை ஏன் வைத்தார்கள்? நிலத்தை நாம் எப்போதும் மேலிருந்தே அளக்கிறோம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றிவந்து ரேடாரால் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. அதில் கிடைத்ததும் இடத்துக்கு ஓர் உயரம்தான். நினைவகச் சிக்கனமும் ஒரு காரணம். ஒரு சதுர கிலோமீட்டரை மீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பதிவுசெய்தால் 10 லட்சம் எண்கள் போதும். அதே நிலத்தை 300 மீட்டர் ஆழம்வரை ஒரு மீட்டர் கனசதுரங்களாக அடுக்கினால் 30 கோடி எண்கள் வேண்டும்.

கட்டடக் கலைஞர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ரெவிட் மென்பொருளில் நெடுங்காலம் நிலம் வெறும் பரப்பாகவே இருந்தது. குறுக்குவெட்டுப் படத்தில் நிலக்கோட்டுக்குக் கீழே மண் நிரம்பியிருப்பதுபோல் தெரியும். ஆனால் அது குறிப்பிட்ட ஆழம்வரை அடித்த வண்ணம். வெட்டவோ எடைபோடவோ அங்கே பொருள் எதுவும் இல்லை. அதனால் சுரங்கம் வரைய வேண்டியவர்கள் சுற்றுவழிகளைத் தேடினார்கள். நிலத்தை மேலிருந்து பள்ளமாக வெட்டி, சாலையை அதில் போட்டு, மேலே ஒரு மூடியைத் தனியாக வரைந்து மலைபோலக் காட்டினார்கள். படத்துக்கு அது போதும். எவ்வளவு பாறையை வெட்டி அள்ள வேண்டும் என்று கேட்டால் அந்த மாதிரியால் பதில் சொல்ல முடியாது.

ரெவிட் 2024 பதிப்பில்தான் நிலம் திண்மப் பொருளானது. இப்போது சுரங்கத்தின் வடிவில் ஓர் உருவத்தைச் செய்து, மலையிலிருந்து அதைக் கழித்துவிடலாம். கழித்த கன அளவும் கையில் கிடைக்கும். இதிலும் கவனம் தேவை. வெட்டும் உருவத்தின் முகமும் மலையின் முகமும் ஒரே தளத்தில் ஒட்டி நின்றால், எது உள்ளே எது வெளியே என்று கணக்கு தடுமாறும். அதனால் சுரங்க வாயிலில் வெட்டும் உருவத்தை மலைக்கு வெளியே சற்று நீட்டிவைப்பது நல்லது.

தூரமும் தொல்லை தரும். வரைபட ஆயக்கூறுகளில் சென்னை, நிலநடுக்கோட்டிலிருந்து 14 லட்சம் மீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. அவ்வளவு பெரிய எண்ணைக் கணினி 32 பிட் தசம எண்ணாக வைத்தால், அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி விழும். வளைந்த சுவர் திரையில் பல்பல்லாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே ஆதிப்புள்ளியை வைத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

இவ்வளவும் செய்தபின் மலைக்கு ஓர் உள்புறம் கிடைத்துவிட்டது. ஆனால் அது முழுக்க ஒரே சீரான பொருள். நிஜ மலை அப்படி இல்லை. சுவிட்சர்லாந்தின் சேசியே அணைக்கு நேர்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 156 மீட்டர் உயர வளைவு அணை அது. இருபது ஆண்டுகளாக எந்தக் குறையும் இல்லாமல் நின்றிருந்தது. 1978-இல் திடீரென்று அது அசைவதை அளவுக் கருவிகள் காட்டின. அணைக்குக் கீழே யாரும் தோண்டவில்லை. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், ராவில் சாலைச் சுரங்கத்துக்கான ஆய்வுப் பாதை வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அது பாறை வெடிப்புகளில் தேங்கியிருந்த நீரை வடித்துவிட, நீரின் அழுத்தம் குறைந்து மலையே சற்று இறுகிச் சுருங்கியது. அணை 10 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கி விரிசல் கண்டது. நீர்த்தேக்கத்தைக் காலிசெய்து பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. ராவில் சுரங்கம் கட்டப்படவே இல்லை. மென்பொருளின் திண்ம மலையில் எவ்வளவு துல்லியமாகத் துளை போட்டாலும் இந்த நீர் கண்ணில் படாது.

அந்த நீரையும் பிளவையும் அறிய ஆழ்துளைகள்தான் வழி. இரண்டு துளைகளுக்கு இடையே உள்ளதைப் பொறியாளர் ஊகித்துத்தான் நிரப்புகிறார். திரையிலோ அளந்த பாறைக்கும் ஊகித்த பாறைக்கும் ஒரே நிறம், ஒரே கூர்மை. இதுதான் எனக்குக் கவலை தருகிறது. மாதிரியில் உள்ள ஒவ்வொரு துண்டுப் பாறையும், தான் எந்தத் துளையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி ஊகிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். தொலைவு கூடக் கூட நிறம் மங்கினால்கூடப் போதும்.

ஊகத்தோடு நிற்காமல் துளையிட்டுப் பார்த்துப் பயன்கண்ட கதையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் 57 கிலோமீட்டர் நீள கோத்தார்டு ரயில் சுரங்கத்தில் பியோரா என்ற பகுதிக்குத்தான் எல்லோரும் அஞ்சினார்கள். அங்கே சர்க்கரைபோல் பொடியும் டோலமைட் பாறை, நீரில் ஊறிக் கிடந்தது. 1990-களில் சுரங்க மட்டத்துக்கு மேலே 5.5 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் ஆய்வுப் பாதை வெட்டினார்கள். 1996-இல் அங்கிருந்து துளையிட்டபோது நீரும் பொடியும் பீறிட்டு வந்தன. விட்டுவிடாமல் கீழ்நோக்கிச் சாய்வாக மேலும் துளைகள் போட்டார்கள். சுரங்கம் போகவேண்டிய ஆழத்தில் அதே டோலமைட் உலர்ந்தும் உறுதியாகவும் இருந்தது. பாதையை மாற்றவில்லை. 2008-இல் துளைப்பு இயந்திரம் பியோராவைச் சிக்கலின்றிக் கடந்தது.