தாய் இறாலுக்கு ஏன் ஒத்தக் கண்ணு?



போன மாதம் கடலோரக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டம் முடிந்து பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு அக்கா கேட்டார்: "ஏம்மா, என் மக இறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போறா. அங்க தாய் இறாலுக்கெல்லாம் ஒத்தக் கண்ணுதான் இருக்குதாம். நெசமா?"

நான் படித்தது சமூகப்பணி. "கேட்டுட்டு வந்து சொல்றேங்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அந்த அக்கா சொன்னது நெசம்தான்.

ஹார்மோன் என்ன செய்கிறது?

வளரிளம் பெண்கள் பயிற்சியில் நாம் பார்த்தது ஞாபகம் இருக்கும். நம் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து சினைப்பைக்குப் போய், "முட்டையை முதிர வை" என்று சொல்கிறது. ஹார்மோன் என்பது உடம்புக்குள்ளேயே போகிற தபால் மாதிரி.

இறாலுக்கும் இப்படித் தபால் உண்டு. ஆனால் அதில் முக்கியமான ஒரு தபால் "முதிர வை" என்று சொல்வதில்லை. "பொறு, இப்ப வேண்டாம்" என்று சொல்கிறது. சைக்கிளில் பெடல் மாதிரி நமக்கு. பிரேக் மாதிரி இறாலுக்கு.

இந்த பிரேக் இருக்கும் இடம்தான் ஆச்சரியம். இறாலின் கண், தலையோடு ஒட்டியில்லாமல் ஒரு காம்பின் நுனியில் இருக்கும். அந்தக் கண் காம்புக்குள்தான் பிரேக் ஹார்மோன் உண்டாகி, சேர்ந்திருந்து, இரத்தத்தில் கலக்கிறது.

பிரேக் எதற்கு?

முட்டைக்குள் மஞ்சள் கரு சேரவேண்டும். அந்தச் சத்து முழுக்கத் தாயின் உடம்பிலிருந்துதான் போகவேண்டும். ஒரு பெரிய கருப்பு இறால் (டைகர் இறால்) ஒரே இரவில் லட்சக்கணக்கில் முட்டை விடும். உடம்பில் தெம்பில்லாதபோது இதைத் தொடங்கினால் தாய் என்ன ஆவாள்? அதனால் நல்ல தீனி, தண்ணீரின் சூடு, பருவம் எல்லாம் கூடி வரும்வரை பிரேக் பிடித்தே இருக்கும். கூடி வந்ததும் தானாகத் தளரும். சினை வளரும்.

இறால் உரிக்கும் சகோதரிகள் இதைப் பார்த்திருப்பீர்கள். நாம் இழுத்துப் போடும் மெல்லிய கறுப்பு நரம்பு குடல். சில இறாலில் முதுகு நெடுக, அதைவிடத் தடிமனாகப் பச்சையாகத் தெரிவது முதிர்ந்த சினை.

கண்ணை ஏன் எடுக்கிறார்கள்?

தொட்டியில் அடைத்த இறாலுக்குக் கடலின் சூழ்நிலை கிடைப்பதில்லை. பிரேக் எளிதில் தளராது. 1943-இல் பனூஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கண் காம்பை நீக்கினால் இறாலின் சினைப்பை வேகமாக வளர்வதைக் கண்டு எழுதினார். பிறகு பொரிப்பகங்கள் இதையே முறையாக்கிக்கொண்டன. ஒரு பக்கக் கண் காம்பை வெட்டியோ, நசுக்கியோ, நூலால் இறுகக் கட்டியோ நீக்குகிறார்கள். பிரேக் பாதி குறைகிறது. பல இறால்கள் சில நாட்களிலேயே சினை பிடிக்கின்றன. இரண்டு கண்ணையும் எடுத்தால் இறால் தாங்காது. அதனால்தான் ஒத்தக் கண்.

இதில் நஷ்டம் என்ன?

கண் காம்பில் இருப்பது சினைக்கான பிரேக் மட்டும் இல்லை. சட்டை உரிப்பதையும், இரத்தத்தில் சர்க்கரை அளவையும் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்றை எடுக்கப்போய் எல்லாமே ஆட்டம் காண்கிறது. இறால் மறுபடி மறுபடி சினை பிடித்து இளைத்துப் போகிறது. நாளாக ஆக முட்டையின் தரமும் குறையலாம். தாய் சீக்கிரம் செத்தும் போகலாம்.

வேறு வழி உண்டா?

உண்டு. இந்தியாவில் 2009 முதல் அனுமதியோடு வளர்க்கப்படும் வனாமி இறாலில், கண்ணை எடுக்காமலே பொரிப்பகம் நடத்த முடியும் என்று 2019-இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. கணவாய், கடல் புழு போன்ற சத்தான தீனி வேண்டும். தாய் இறால்களும் கூடுதலாக வேண்டும். செலவு இருக்கிறது, ஆனால் முடியாத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இயற்கை முறை இறால் என்று விற்கவேண்டுமானால், கண் காம்பை நீக்கவே கூடாது என்பது சட்டம். இறால், நண்டு இனங்களுக்கும் உணர்வு உண்டு என்பதை இங்கிலாந்து 2022-இல் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டது.

நமக்கு இதில் என்ன?

- குழுவாகவோ குடும்பமாகவோ இறால் குட்டை போடுபவர்கள், குஞ்சு வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். தாய் இறால் எப்படிப்பட்டது, எத்தனை முறை முட்டை விட்டது என்றும் கேளுங்கள்.
- பதிவு பெற்ற பொரிப்பகமா, வெள்ளைப்புள்ளி நோய்க்குப் பரிசோதனை செய்த குஞ்சா என்று பாருங்கள்.
- பொரிப்பகத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், செய்கிற வேலைக்குக் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். காரணம் தெரிந்தவருக்குத்தான் மாற்று வழியும் தோன்றும்.

இந்த மாதக் கூட்டத்தில் அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "உடம்பு பொறுன்னு சொல்லுது. கேக்காம கண்ணப் பறிச்சுட்டுப் பெத்துக் குடுன்னா எப்படிம்மா?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் அங்கே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் குழுவிலும் இதைப் படித்துக் காட்டுங்கள். என்ன பேசினீர்கள் என்று கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.