காக்கும் குடுவையைக் காப்பது எப்படி?

தம்பானூரை அறியாத தமிழ் மாணவர் திருவனந்தபுரத்தில் இலர். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ரயிலேறி வருகின்ற நம்மை முதலில் வரவேற்பது அங்குள்ள ரயில் நிலையந்தான். 1931-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்நிலையத்தின் எதிரிலேயே அரசுப் பேருந்து நிலையம் இருக்கிறது. இரண்டையும் சுற்றி வாடகைக் கார்களும் ஆட்டோக்களும் இரவும் பகலும் நெருக்கியடித்து நிற்கின்றன. எரிபொருள், மின்கம்பி, சூடேறிய எஞ்சின் ஆகிய மூன்றையும் ஒரே கூட்டுக்குள் சுமப்பவை இவ்வண்டிகள். அவற்றுள் சிலவற்றில் ஓட்டுநரின் இருக்கையருகே ஒரு சிவப்புக் குடுவை இருக்கும். அதுவே தீயணைப்பான்.

அதை வாங்கி வைத்தவுடன் கடமை முடிந்தது என எண்ணுவோர் பலர். வாங்குவது முதற் கடமை மட்டுமே. வாங்கியதைப் பேணுவது இரண்டாவது. ஆயுள் முடிந்தபின் பிறருக்குத் தீங்கின்றிக் கழிப்பது மூன்றாவது. பின்னிரண்டையும் நாம் மறந்துவிடுகிறோம். மாணவருக்குக் கார் ஏது என்று நண்பர்கள் நகைக்கலாம். விடுமுறையில் நால்வர் சேர்ந்து வாடகைக் காரில் ஊர் செல்வதில்லையா? நம் சோதனைச் சாலையின் சுவரில் தொங்குவதும் இக்குடுவையின் அண்ணன்தானே?

காரில் பற்றும் தீ எத்துணை விரைவானது என்பதற்குக் கண்ணூரே சான்று. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் அந்நகரத்து மாவட்ட மருத்துவமனையின் அருகிலேயே, பிரசவத்துக்காகச் சென்ற ஒரு குடும்பத்தின் கார் தீப்பற்றியது. முன்னிருக்கைகளில் இருந்த கணவனும் கருவுற்ற மனைவியும் உயிரிழந்தனர். பின்னால் இருந்தவர்கள் தப்பினர். மருத்துவமனை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பயனில்லை. ஆகவே காரில் புகை கண்டால் முதற் செயல் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரையும் இறக்குவதே. குடுவையைத் தேடுவது அதற்குப் பின்னர்தான்.

இனி, குடுவைக்குள் என்ன இருக்கிறது? கார்களில் பெரும்பாலும் காணப்படுவது ‘ஏ.பி.சி.’ எனப்படும் உலர்பொடி வகை. மோனோ அமோனியம் பாஸ்பேட் என்னும் உப்பின் நுண்பொடியும், அதை வெளியே தள்ளுவதற்காக அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயுவும் அதனுள் உள்ளன. தீ நிலைப்பதற்கு எரிபொருள், பிராண வாயு, வெப்பம் ஆகியவற்றோடு இடையறாத இரசாயனத் தொடர்வினையும் வேண்டும். பொடியானது அத்தொடரை அறுக்கிறது. வெப்பத்தில் உருகி, எரியும் துணி, மெத்தை முதலியவற்றின்மேல் கண்ணாடிபோற் படிந்து, காற்றையும் தடுக்கிறது.

உள்ளே இருக்கும் அழுத்தம் சிறிதன்று. கார் டயரில் உள்ள காற்று சுமார் 2 பார் அழுத்தம் உடையது. குடுவையிலோ அது 15 பார் வரை இருக்கும். இதை மறந்தால்தான் காக்க வந்த பொருள் கேடு செய்யும் பொருளாகிறது.

காரில் இருக்கும் குடுவைக்குப் பகைகள் மூன்று. முதற் பகை வெப்பம். வெயிலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காரின் முன்பலகை 70 டிகிரி ஸென்டிகிரேடை எட்டுவது அரிதன்று. 27 டிகிரியில் 15 பார் காட்டும் குடுவை 67 டிகிரியில் ஏறத்தாழ 17 பார் காட்டும் என்பதை, பள்ளியிற் படித்த வாயு விதியைக் கொண்டே கணக்கிடலாம். நல்ல குடுவை இதைத் தாங்கும். துருவேறிய குடுவைக்கு அந்த உறுதி சொல்ல முடியாது. இரண்டாம் பகை அதிர்வு. ஓடும் வண்டியின் ஓயாத ஆட்டத்தில் பொடி அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். அப்போது வாயு மட்டும் வெளியேறும்; பொடி வராது. மூன்றாம் பகை ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் காணும் இக்கடற்கரை நகரில் இரும்புக்குத் துரு உறவினர்போல் வந்து சேரும். குடுவையின் அடிப்பாகத்தையே அது முதலில் தின்னும்.

இம்மூன்றையும் வெல்ல மாதத்திற்கு ஐந்து நிமிடம் போதும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் அறுபடாமல் உள்ளனவா, குழல்வாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குடுவையைத் தலைகீழாகப் பிடித்துப் பலமுறை அசைத்து, உள்ளே பொடி சரிவதைக் கையால் உணருங்கள். துருவும் நசுங்கலும் இருந்தால் அதை நம்ப வேண்டா.

வைக்கும் இடமும் முக்கியம். பின்பெட்டியில் சாமான்களுக்கு அடியில் இட்டால் வேண்டும்போது கைக்கு எட்டாது. காலடியில் கட்டாமல் போட்டால் உருண்டு சென்று பிரேக் மிதியின் கீழ்ச் சிக்கிக்கொள்ளலாம். முன்னிருக்கையின் கீழோ பக்கத்திலோ வெயில் நேரே படாதவாறு, உலோகப் பிடியில் இறுக்கிப் பொருத்துவதே முறை.

பயன்படுத்தும் வழி எளிது. ஊசியை இழுத்து, காற்று வீசும் பக்கமாக நின்று, தீயின் அடியை நோக்கிக் கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். ஒரு கிலோ குடுவை பத்து விநாடிக்குமேல் நில்லாது. எஞ்சின் மூடியை முழுவதும் திறந்துவிடாதீர்கள். புதுக்காற்று புகுந்து தீ சீறும். சிறு இடைவெளி வழியே பொடியைச் செலுத்துங்கள். அதிலும் அடங்காவிட்டால் விலகி நின்று 101 அல்லது 112-ஐ அழையுங்கள். மின்சாரக் காரின் லித்தியம் மின்கலம் எரியுமானால் பொடி அதனைக் குளிர்விக்காது. தொலைவில் விலகி நிற்பதே அறிவுடைமை.

சிறிதளவே பயன்படுத்திய குடுவையையும் மீண்டும் நிரப்பியாக வேண்டும். ஏனெனில் வால்வில் தங்கிய பொடி வாயுவை மெல்லக் கசியவிடும். நிரப்பும்போது பொடி வகை மாறக் கூடாது. அமிலத் தன்மையுள்ள பாஸ்பேட்டோடு காரத் தன்மையுள்ள சோடியம் பைகார்பனேட்டு கலந்து ஈரமும் சேர்ந்தால், கரியமில வாயு பிறந்து மூடிய குடுவைக்குள் அழுத்தம் ஏறும். பொடிக் குடுவைக்கு மூன்றாண்டுக்கொரு முறை நீரழுத்தச் சோதனையும், பத்தாண்டு ஆயுளும் ஐ.எஸ். 2190 என்னும் இந்தியத் தர விதிகளில் கூறப்பட்டுள்ளன. வாங்கும்போது ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளனவா என்று நோக்குக.

ஆயுள் முடிந்தபின் என் செய்வது? பலர் குப்பையில் எறிகின்றனர். சிலர் இவ்வூரார் ‘ஆக்ரிக் கடை’ என்று சொல்லும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகின்றனர். முள் சிவப்பில் நின்றாலும் உள்ளே வாயு இல்லையென்று துணிய முடியாது, முள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். அக்கடையில் சம்மட்டியால் அடிப்பவனும், வெட்டும் சுடரைப் பிடிப்பவனும் அதை அறியமாட்டார்கள். வீடுதோறும் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் சாக்கிலும் அதைத் திணிக்கலாகாது.

நாம் எறிந்ததை எடுக்க இன்னொரு மனிதன் வருகிறான் என்பதைத் தம்பானூரே நமக்கு உணர்த்தியது. ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் 2024 ஜூலை 13-ஆம் நாள் மழைநீரின் வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரு நாட்களுக்குப் பின் உடல்தான் கிடைத்தது. அவரைக் கொன்றது தீயணைப்பான் அன்று. ஆனால் எறிந்தவர் ஒருவர், இறங்கியவர் ஒருவர் என்னும் அந்த நியாயமற்ற கணக்கு எல்லாக் கழிவுக்கும் ஒன்றே.

ஆகையால் பழைய குடுவையை நிரப்பிக் கொடுக்கும் நிலையத்திலேயே ஒப்படையுங்கள். அழுத்தம் நீக்கி, தலைப்பகுதியைக் கழற்றி, பொடியைத் தனியே எடுக்கும் கருவி அவர்களிடமே உண்டு. வழி தெரியாவிட்டால் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். வீட்டில் தலைப்பைத் திருக முயலாதீர்கள். பொடியைச் சாக்கடையில் கழுவிவிடாதீர்கள். பாஸ்பேட் பயிருக்கு உரம், வாய்க்காலிலோ அது ஆகாயத் தாமரைக்கு விருந்து.

மிகப் பழைய குடுவைகள் கிடைத்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். முற்காலக் கார்களில் வைத்த கார்பன் டெட்ராகுளோரைடு, சூட்டில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைத் தரும். முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற வாயு அது. பின்னர் வந்த ஹாலான் ஓஸோன் படலத்தை அரிப்பது. 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கை அதன் உற்பத்திக்கு முடிவு கட்ட வழிவகுத்தது. இவ்விரண்டையும் திறந்து பார்க்கவே கூடாது.

வருமுன் காவாதவனின் வாழ்வை நெருப்பின் முன்னர் வைத்த வைக்கோலுக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். நண்பர்களே! அடுத்த விடுமுறையில் காரில் ஏறும்போது ஓட்டுநர் அண்ணனிடம் குடுவை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். முள்ளைப் பாருங்கள், குடுவையைக் கவிழ்த்து அசைத்துப் பாருங்கள். ஊரில் அப்பாவின் காரில் பழைய குடுவை கிடந்தால், அது இரும்புக் கடைக்குப் போகாமல் நிரப்பு நிலையம் போய்ச் சேரும்படி செய்யுங்கள். அதனால் காக்கப்படும் உயிர், நாம் என்றும் முகம் காணாத ஒருவருடையதாக இருக்கலாம்.